தம்பியின் தொடர்புப் புத்தகம்: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

என் தம்பிக்கு வயது 36. அவன் வாயால் தெளிவாகச் சொல்லக்கூடிய சொற்கள் இருபதுக்குள் அடங்கிவிடும். அவற்றிலும் பாதி எங்கள் வீட்டாருக்கு மட்டுமே விளங்கும். சென்ற ஆண்டு அவனுக்கென்று ஒரு தொடர்புப் புத்தகம், அதாவது படங்களை விரலால் தொட்டுக் காட்டிப் பேச உதவும் புத்தகம், செய்து வாங்கினோம். வளர்ந்தவர்களுக்கென்றே வீடு தேடி வந்து பயிற்சி தரும் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்கு வந்து அதைத் தயாரித்துத் தந்தார். புத்தகமும் ஆறு பயிற்சி வருகைகளும் ஒரே சேவையாகவே கிடைத்தன என்பதால் இரண்டையும் சேர்த்தே மதிப்பிடுகிறேன். அவர் தனி ஒருவராகப் பணி செய்பவர். இப்போது இருப்பவர்களையே கவனிக்க நேரம் போதவில்லை, பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே எழுதவில்லை. வேறொரு பயிற்சியாளரிடம் இப்படி ஒரு புத்தகம் செய்யச் சொல்பவர்களுக்கும், தாங்களே செய்ய முனைபவர்களுக்கும், எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது தெரிந்தால் அதுவே எனக்குப் போதும்.

ஒரு சொல்லை மட்டும் முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். என் தம்பிக்கு இருப்பது நம் அரசு ஆவணங்களில் 'அறிவுசார் குறைபாடு' என்று வரும் நிலை. எழுத்துக் கூட்டிப் படிப்பதில் மட்டும் தடுமாறும் பிள்ளைகளின் நிலை வேறு. பேச்சு குறைவே தவிர, புரிதல் அவ்வளவு குறைவன்று. நாளைக்குச் சந்தைக்குப் போக வேண்டும் என்று சமையலறையில் அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னால், மறுநாள் காலையில் கூடை வாசலில் இருக்கும். பேசுகிற அளவைக் கொண்டே புரிகிற அளவையும் கணக்கிட்டுவிடும் தவற்றை, உடன் பிறந்த நானே முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்திருக்கிறேன்.

புத்தகம் வருவதற்கு முந்தைய மழைக்காலத்தில் அவன் களி உருண்டையைத் தட்டில் வைத்ததும் தள்ளிவிடத் தொடங்கினான். பிறகு சோற்றையும் தள்ளினான். இரவில் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டான். பிடிவாதம் என்றார்கள், இறந்துபோன அப்பாவின் நினைவு என்றார்கள், மாத்திரை மாற்ற வேண்டும் என்றார்கள்; மாத்திரையும் மாற்றப்பட்டது. மூன்று வாரங்கள் கழித்துக் கன்னம் வீங்கிய பிறகே கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று வேர்வரை சொத்தையாகியிருந்தது தெரிந்தது. 'எனக்குப் பல் வலிக்கிறது' என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல வழியில்லாமல் ஒரு வளர்ந்த மனிதன் மூன்று வாரம் தன் முகத்தில் அறைந்துகொண்டிருந்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் உடல் நடுங்குகிறது. அதன் பிறகுதான் பயிற்சியாளரைத் தேடினோம்.

அவர் முதல் நாள் வந்ததும் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். தம்பியைப் பார்த்து, "வணக்கம், உட்காருங்க. உங்களைப் பார்க்கத்தான் வந்திருக்கேன்" என்றார். எங்கள் தெருவில் பத்து வயதுப் பிள்ளைகள்கூட அவனை ஒருமையில்தான் கூப்பிடுவார்கள். கடைக்காரர், நடத்துநர், கோயில் பூசாரி என எல்லோருக்கும் அவன் 'வாடா, போடா'தான். அக்கா என்ற உரிமையில் நான் இங்கும் 'அவன்' என்றே எழுதுகிறேன். ஆனால் வெளியார் ஒருவர் 'நீங்க' என்று சொன்னபோது அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்ததை நானும் அம்மாவும் பார்த்தோம். இந்தச் சேவையைப் பற்றி நான் சொல்லப்போகும் நல்லவை பலவற்றுக்கும் வேர் அந்த 'நீங்க'தான்.

புத்தகம் பள்ளி நோட்டின் பாதி அளவு. 44 பக்கங்கள், ஏறத்தாழ 380 படங்கள், ஒவ்வொன்றும் தீப்பெட்டியைவிடச் சற்றே சிறியது. பக்கங்கள் லேமினேஷன் செய்யப்பட்டு வளையத்தில் கோக்கப்பட்டுள்ளன. தோளில் மாட்டிக்கொள்ளப் பட்டை உண்டு. இதோடு சட்டைப் பையில் அடங்கும் அட்டை ஒன்றும், குளியலறைக் கதவில் ஒட்டுவதற்கு ஒரு தாளும் தந்தார். பொதுவான படங்களை அராசாக் தொகுப்பிலிருந்து எடுத்திருக்கிறார். ஸ்பெயினின் அரகோன் மாநில அரசு உரிமை வைத்திருக்கும் அந்தப் படங்களை, வணிக நோக்கமின்றி எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். படங்களுக்கென்று அவர் எங்களிடம் எதுவும் வாங்கவில்லை. அச்சுக்கும் தன் நேரத்துக்கும் மட்டுமே கட்டணம். களி, அவரைக்கொட்டைக் குழம்பு, எங்கள் வீட்டு நாய், பென்னாகரம் சாலையில் அவன் முடி வெட்டிக்கொள்ளும் கடை, குமாரசாமிப்பேட்டை முருகன் கோயில் தைப்பூசத் தேர் ஆகியவற்றை நாங்களே கைப்பேசியில் படமெடுத்துக் கொடுத்தோம். பொருளுக்கும் ஆளுக்கும் இடத்துக்கும் புகைப்படம், செயலுக்கும் உணர்வுக்கும் கோட்டுப் படம் என்பது அவர் வகுத்த முறை. 'உதவி' என்பதையோ 'இன்னும்' என்பதையோ புகைப்படமாக எடுக்க முடியாது என்பதால் அதுவே சரியான முறை என்று நானும் நினைக்கிறேன்.

இந்தப் புத்தகத்தின் பெரிய சிறப்பு, அது தமிழாகவே யோசித்துச் செய்யப்பட்டிருப்பது. இதற்கு முன்பு அஞ்சலில் வரவழைத்த ஆயத்தப் பலகை ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் 'நான்', 'வேண்டும்', 'தண்ணீர்' என்று ஆங்கில வரிசையில் படங்கள் இருந்தன. தம்பி அதை ஒரு வாரத்தில் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். இவர் காரணத்தை விளக்கினார். தமிழில் பசி, வலி, விருப்பம், தேவை, தெரிதல் எல்லாவற்றையும் 'எனக்கு' என்றுதான் தொடங்குகிறோம்: எனக்குப் பசிக்கிறது, எனக்கு வலிக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை, எனக்குத் தெரியாது. 'நான்' என்பது வருவதற்கும் போவதற்கும் சாப்பிடுவதற்கும். காலம் காலமாகக் காதில் விழுந்த வாக்கியம் ஒன்றாகவும் பலகையில் இருக்கும் வாக்கியம் வேறாகவும் இருந்தால், படத்தைத் தொடுபவருக்கு அது தன் மொழியாகத் தோன்றாது. ஆகவே இந்தப் புத்தகத்தில் 'நான்', 'எனக்கு', 'என்னுடைய' ஆகிய மூன்றுக்கும் மூன்று படங்கள். மூன்றுக்கும் மஞ்சள் பின்னணி. கையின் நிலை மட்டும் மாறுகிறது. நெஞ்சைத் தொடும் கை 'நான்', தன்னை நோக்கித் திரும்பிய உள்ளங்கை 'எனக்கு', பொருளை அணைத்துக்கொண்ட கை 'என்னுடைய'. வினை தமிழில் கடைசியில் வருவதால் செயற்சொற்கள் அனைத்தும் பச்சை நிறத்தில் வலப்பக்க ஓரத்தில் உள்ளன. விரல் இடமிருந்து வலமாக நகர்ந்தால் 'எனக்கு', 'டீ', 'வேணும்' என்று வாக்கியம் தானாக அமைந்துவிடுகிறது.

படத்தின் கீழுள்ள சொற்களைப் பேச்சு வழக்கிலேயே எழுதியிருக்கிறார். 'வேணும்', 'போலாம்', 'வலிக்குது'. எனக்கு முதலில் இது உவப்பாக இல்லை. அச்சில் வருவது எழுத்துத் தமிழாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குண்டு. கீழே இருப்பதைத் தம்பி படிக்கப்போவதில்லை, அருகில் இருப்பவர்தான் உரக்கப் படிக்கப்போகிறார், அப்போது அவன் காதில் விழுவது வீட்டில் பேசும் பேச்சாக இருக்க வேண்டும் என்றார். அதை நான் ஒப்புக்கொண்டேன். 'வேணும்', 'வேணாம்' இரண்டும் காதுக்கும் கண்ணுக்கும் நெருங்கியவை என்பதால் அவற்றை எதிரெதிர் ஓரங்களில் வைத்து, 'வேணாம்' என்பதற்குச் சிவப்புக் கட்டம் போட்டு, ஒவ்வொரு பக்கத்தின் கீழ்மூலையிலும் மாறாத இடத்தில் அச்சிட்டிருக்கிறார். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மறுப்பதற்கான படம் விரலுக்கு எட்டும். கேட்டு வாங்குவதற்கு மட்டும் படங்களை அடுக்கிவிட்டு மறுப்பதற்கு ஒன்றும் வைக்காத பலகைகள் பலவற்றைப் பார்த்துவிட்டேன். அப்படிப்பட்டதை வளர்ந்தவர் ஒருவர் கையில் கொடுப்பது சரியன்று.

அடுத்து, பக்கங்களின் பொருளடக்கம். குழந்தைகளுக்கான பலகைகளில் பந்தும் பலூனும் மிட்டாயும் இருக்கும். இதில் சவரம், முடி வெட்டுதல், பணம், பேருந்து, சம்பளம், உடம்பின் எல்லா உறுப்புகளும், 'என்னைத் தொடாதே', 'அவர் அடித்தார்', 'தனியாக விடுங்கள்', 'நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள்' ஆகியவை இருக்கின்றன. மறைவிட உறுப்புகளின் படம் வேண்டுமா என்று அம்மா தயங்கினார். அந்த இடத்தில் வலி என்றோ, யாரோ தொட்டார் என்றோ சொல்ல வேண்டிய நாள் வந்தால் எந்தப் படத்தைத் தொடுவார் என்று பயிற்சியாளர் திருப்பிக் கேட்டார். அம்மா அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

மரணத்துக்கும் ஒரு பக்கம் இருந்தது. அப்பா இறந்தபோது தம்பியை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் காரியங்களை முடித்தோம். அவனுக்கு ஒன்றும் புரியாது, பார்த்தால் பயந்துவிடுவான் என்று பெரியவர்கள் சொன்னார்கள், நாங்களும் கேட்டுக்கொண்டோம். அதன்பின் மூன்று ஆண்டுகளாக மாலை ஆறு மணிக்கு அவன் வாசலில் நிற்பது வழக்கமாகிவிட்டது. கேட்டால் அப்பா ஊருக்குப் போயிருக்கிறார் என்போம். இதை அறிந்த பயிற்சியாளர், ஊருக்குப் போனவர் என்றால் திரும்பி வருவார் என்றுதானே பொருள், தூங்குகிறார் என்றால் எழுந்திருப்பார் என்றுதானே பொருள் என்று கேட்டார். அப்பாவின் படம், மாலை போட்ட படம், 'இறந்துட்டார்', 'திரும்பி வரமாட்டார்', 'அழுகை வருது' என்ற வரிசையில் படங்களைத் தொட்டுக் காட்டி நாங்களே சொல்ல வேண்டும் என்றார். அன்று மாலை அம்மா சொன்னார். தம்பி நெடுநேரம் பக்கத்தையே பார்த்திருந்தான். நான்கு நாள் கழித்து அவனாகவே புத்தகத்தை எடுத்து வந்து 'நான்', 'அப்பா', 'போலாம்' என்று மூன்று படங்களைத் தொட்டான். அப்பாவைப் புதைத்த இடத்துக்கு அவனை அன்றுதான் முதன்முதலாக அழைத்துச் சென்றோம். அவன் அங்கே மண்ணைத் தொட்டுப் பார்த்தான். வாசலில் நிற்பது இப்போதும் சில நாள் உண்டு. ஆனால் ஐந்து நிமிடத்தில் உள்ளே வந்துவிடுகிறான்.

வீட்டு வருகைகளில் பயிற்சி பெற்றவர்கள் பெரும்பாலும் நாங்கள்தான். முதல் இரண்டு மாதங்கள் அவனைப் படத்தைத் தொடச் சொல்லவே கூடாது என்பது விதி. 'இது என்ன, காட்டு' என்று சோதிப்பதற்கும் தடை. மாறாக நாங்கள் பேசும்போதெல்லாம் முக்கியமான ஓரிரு சொற்களை எங்கள் விரலால் தொட்டபடி பேச வேண்டும். ஒரு குழந்தை ஏறத்தாழ ஓராண்டு பேச்சைக் கேட்ட பிறகே முதல் சொல்லைச் சொல்கிறது; படங்களால் ஆன பேச்சை யாரும் பேசிக் காட்டாமல் ஒருவர் எப்படிக் கற்பார் என்பது இதன் பின்னுள்ள நியாயம். அம்மாவுக்கு இது வெகு சிரமமாக இருந்தது. அடுப்பில் கை வைத்துக்கொண்டு எப்படிப் படத்தைத் தொடுவது என்று கேட்டார். பயிற்சியாளர் சமையல் பக்கத்தின் நகலொன்றை அடுப்படிச் சுவரில் ஒட்டிக் கொடுத்தார். ஆறாம் வாரம் தம்பி அந்தச் சுவரில் உப்பைத் தொட்டு, பிறகு 'இல்லை' என்பதைத் தொட்டான். குழம்பில் உப்பு இல்லை. உண்மையாகவே இல்லை.

இன்னொன்று காத்திருத்தல். கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் வேகமாகப் பேசுபவர்கள். பத்து எண்ணுவது எங்களுக்கு ஒரு தவமாக இருந்தது. பெரும்பாலும் ஏழு, எட்டில்தான் அவன் விரல் நகரும். இத்தனை ஆண்டுகளும் மூன்றாவது எண்ணிலேயே நாங்கள் அவனுக்காகப் பதில் சொல்லி வந்திருக்கிறோம் என்பது அப்போது தெரிந்தது.

கேள்வி கேட்பதிலும் அவர் எங்களைத் திருத்தினார். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் பலர், எதைக் கேட்டாலும் ஆம் என்று தலையாட்டும் பழக்கம் உடையவர்கள். வாழ்நாள் முழுவதும் பிறரை அனுசரித்தே இருக்க நேர்ந்ததால் உண்டாகும் பழக்கம் அது. இரண்டில் ஒன்றைக் கேட்டால் கடைசியாகக் காதில் விழுந்ததையே சொல்வதும் உண்டு. டீயா காபியா என்று கேட்டுப் பதில் வாங்கியபின், சற்று நேரம் கழித்துக் காபியா டீயா என்று மாற்றிக் கேட்கச் சொன்னார். முதல் வாரம் இரண்டு தடவையும் தம்பி கடைசிச் சொல்லையே சொன்னான். அவன் காபிப் பிரியன் என்று இருபது ஆண்டுகளாக நாங்கள் நம்பியிருந்தது அதனால்தான். படங்களை இடம் மாற்றி மாற்றிக் காட்டிய பிறகு, அவன் விரும்புவது டீ, அதுவும் சர்க்கரை கூடுதலாகப் போட்ட டீ என்று தெரிந்தது.

நான்காவது வருகையை அவர் தம்பி நாள்தோறும் சென்றுவரும் பகல்நேர மையத்தில் வைத்துக்கொண்டார். ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் நகரில் உருவான 'டாக்கிங் மேட்ஸ்' என்ற முறையை ஒட்டியது அன்றைய பயிற்சி. ஒரு விரிப்பின் மேல்வரிசையில் 'பிடிக்கும்', 'பரவாயில்லை', 'பிடிக்கவில்லை' என்ற மூன்று அடையாளங்களை வைப்பார்கள். பிறகு ஒரே விஷயத்தைப் பற்றிய படங்களை ஒவ்வொன்றாகக் கருத்துச் சொல்பவர் கையில் தந்து, அது எதன் கீழ் வர வேண்டும் என்று அவரையே வைக்கச் சொல்வார்கள். முடிவில் விரிப்பைப் பார்த்து அனைத்தையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, அதைப் படமெடுத்து வைத்துக்கொள்வார்கள். அன்றைய விஷயம், மையத்தில் செய்யும் வேலைகள். காகிதக் கவர் ஒட்டும் படத்தைத் தம்பி வாங்கிய கையோடு 'பிடிக்கவில்லை'யின் கீழ் வைத்தான். பொறுப்பாளர் நம்பவில்லை, பதினொரு ஆண்டுகளாக அமைதியாக உட்கார்ந்து கவர் ஒட்டுபவன், மையத்திலேயே நன்றாக ஒட்டுபவன் அவன். அடுத்த வாரம் படங்களின் வரிசையை மாற்றி மீண்டும் செய்தார்கள். அதே இடம். 'பிடிக்கும்' என்பதன் கீழ் அவன் இரண்டு முறையும் வைத்தது செடிக்குத் தண்ணீர் விடுதலையும் மாவு மில்லுக்குப் போய்வருவதையும். பொறுப்பாளரைப் பாராட்ட வேண்டும்: பத்து நாளுக்குள் அவனுக்குத் தோட்ட வேலை கொடுத்துவிட்டார். ஒரு தொடர்புப் புத்தகம் எவ்வளவு நல்லது என்பதை அதிலுள்ள படங்களின் எண்ணிக்கையை வைத்து அளக்க முடியாது. அதை வைத்து ஒருவர் சொன்னதற்காக மற்றவர்கள் எதையாவது மாற்றினார்களா என்று பார்த்தால் அளக்கலாம். எங்கள் கணக்கில் இதுவரை ஐந்து மாற்றங்கள் நடந்திருக்கின்றன.

வெளியிடங்களில் பெரிய புத்தகத்தைவிடச் சட்டைப்பை அட்டையே அதிகம் உதவுகிறது. அதன் முன்பக்கத்தில் தம்பியே பேசுவது போல நான்கு வரிகள் உள்ளன: 'எனக்குப் பேச்சு குறைவு. நீங்கள் சொல்வது எனக்குப் புரியும். மெதுவாகச் சொல்லுங்கள். நான் பதில் சொல்லக் கொஞ்சம் பொறுங்கள்.' பின்பக்கத்தில் பன்னிரண்டு படங்கள். டீக்கடைக்காரர் இரண்டே நாளில் பழகிவிட்டார். இப்போது அவரே அட்டையை வாங்கிச் சர்க்கரைப் படத்தைத் தொட்டுக் கேட்கிறார். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் செல்பவருக்கும் கட்டணம் இல்லை என்பதால் நடத்துநரிடம் அடையாள அட்டையோடு இதையும் காட்டுகிறான். மருத்துவமனைக்கென்று தனியாக நான்கு பக்கக் குறிப்பேடு ஒன்றும் உண்டு: காதைப் பொத்தினால் சத்தம் தாங்கவில்லை, கன்னத்தில் அறைந்தால் பல்லையும் காதையும் பாருங்கள், ஊசி போடும் முன் ஊசியைக் காட்டுங்கள் என்று அவனுடைய உடல்மொழிக்கு ஓர் அகராதி போல அமைந்தது அது. இது தயவாகக் கேட்கும் விஷயமன்று என்பதையும் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 'தொடர்பு' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே எளிய மொழியையும் சைகைகளையும் படக்காட்சியையும் மாற்றுத் தொடர்பு முறைகளையும் சேர்த்திருக்கிறது.

இனிக் குறைகள். லேமினேஷன் மூன்றாம் மாதமே ஓரங்களில் பிரிந்தது. சித்திரை வெயிலில் வண்டியின் முன்பெட்டியில் வைத்ததில் இரண்டு பக்கங்கள் வளைந்தே போயின. பளபளப்பான தாள் என்பதால் வெளிச்சத்தில் கண் கூசுகிறது; பளபளப்பில்லாத தாளைக் கேட்டு வாங்குவது நல்லது. பிளாஸ்டிக் வளையம் இரண்டு முறை உடைந்தது, பேருந்து நிலையம் அருகிலுள்ள ஜெராக்ஸ் கடையில் கம்பி வளையம் போட்டபின் தொல்லை இல்லை. புதிய படம் சேர்க்க வேண்டுமென்றால் பயிற்சியாளர் அச்சிட்டு அனுப்ப இரண்டு வாரம் ஆகிறது. வீட்டில் ஒரு கல்யாணம் வந்தபோது மணமக்களின் படம் முகூர்த்தம் முடிந்து ஐந்தாம் நாள்தான் வந்து சேர்ந்தது. தனக்கு முக்கியமான ஒரு நாளைப் பற்றிப் பேசத் தம்பிக்குப் படம் இல்லாமல் போனது எனக்கு மிகுந்த வருத்தம். வெற்றுக் கட்டங்கள் அச்சிட்ட பக்கம் ஒன்றை முதலிலேயே தந்திருந்தால் நாங்களே ஒட்டியிருப்போம்.

மொழி பற்றியும் ஒரு குறை உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இந்த இரண்டு மாவட்டங்களிலும் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, வெளியே தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குடும்பமொன்று, கன்னடம் பேசுபவர்கள், தங்கள் மகளுக்கு இதே புத்தகத்தை வாங்கியிருக்கிறார்கள். கீழே இருப்பது தமிழ் என்பதால் அந்தப் பாட்டியால் படித்துக் காட்ட முடியவில்லை. அவர்கள் வெள்ளைத் துண்டுத்தாள் ஒட்டிக் கன்னடத்தில் எழுதிக்கொண்டார்கள். வீட்டில் என்ன மொழி என்பதை முதல் நாளே கேட்டு இரண்டு மொழியிலும் அச்சிடுவது பெரிய வேலை இல்லை.

குரல் இல்லை என்பது எல்லாக் காகிதப் புத்தகங்களுக்கும் உள்ள வரம்பு. முதுகைத் திருப்பி நிற்பவரை இதனால் கூப்பிட முடியாது. குரல் வேண்டுவோருக்குச் செயலிகள் உண்டு; சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் படத்தைத் தொட்டால் குரல் பேசும், தமிழிலும் கிடைக்கிறது. பயிற்சியாளர் இரண்டையும் சில நாள் தம்பியிடம் கொடுத்துப் பார்த்தார். டேப்லெட் கீழே விழுந்துவிடுமோ என்று அவன் அதை இரு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டதால் தொடுவதற்கு விரல் மிஞ்சவில்லை; காகிதத்தை அவன்தான் தேர்ந்தெடுத்தான். வேறொருவருக்கு இது நேர்மாறாக அமையலாம். செயலியை வாங்கினாலும் காகித நகல் ஒன்று கட்டாயம் வேண்டும், மின்வெட்டிலும் குளியலறையிலும் மழையிலும் பேச்சு நின்றுவிடக் கூடாது என்று அவர் சொன்னதை அப்படியே பதிவு செய்கிறேன்.

செலவு: புத்தகம், அட்டை, குறிப்பேடு, ஆறு வருகைகள் எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது எளிதன்று. அவர் நான்கு தவணைகளாக வாங்கிக்கொண்டார். பணத்தைக் குறைக்க வேண்டுமென்றால் புத்தகத்தில் குறைத்துக்கொள்ளலாம், வருகைகளில் குறைக்கவே கூடாது என்பது என் கருத்து. பயிற்சி இல்லாத புத்தகம் எங்கள் பழைய பலகையைப் போலக் கட்டிலுக்கு அடியில்தான் போய்ச் சேரும். பயிற்சி பெற்ற வீட்டில் கையால் வரைந்த இருபது படங்களே பேசத் தொடங்கிவிடும்.

வரும் மாதம் இரண்டாம் படி அச்சாகிறது. பளபளப்பில்லாத தாள், கம்பி வளையம், வெற்றுக் கட்டங்களோடு இரண்டு பக்கம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பல், காது, வயிறு உள்ள வலிப் பக்கத்தைக் கடைசியிலிருந்து மேலட்டைக்கு அடுத்த முதல் பக்கமாக மாற்றச் சொல்லியிருக்கிறோம். கவர் ஒட்டும் படத்தை எடுத்துவிடலாமா என்று பயிற்சியாளர் தம்பியிடம் கேட்டார். அவன் 'வேணாம்' என்பதைத் தொட்டான். அப்படத்தையே வேண்டாம் என்கிறானா, எடுப்பதை வேண்டாம் என்கிறானா என்பது எங்களுக்கு விளங்கவில்லை. கேள்வியை மாற்றி இன்னொரு நாள் கேட்பதாகச் சொல்லிவிட்டு, அவர் அந்தப் படத்தை இருந்த இடத்திலேயே விட்டு வைத்திருக்கிறார்.